சட்டைப்பையில் ஒரு பேனாக்கத்தி

மடக்குக்கத்தி வாங்குவோர் பெரும்பாலும் கூர்மையையே சோதிக்கின்றனர். மழுங்கிய அலகைச் சாணைக்கல்லில் தீட்டலாம். இழந்த விரலை எங்கே தேடுவது? விரித்த அலகு அழுத்தத்தில் மடங்காதிருக்குமா என்பதையே முதலில் பாருங்கள்.

பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய எளிய மரப்பிடிக் கத்திக்கு, 1955இல்தான் சுழலும் பூட்டுவளையம் வந்தது. அறுபத்தைந்து ஆண்டுகள் விரல்கள் எப்படித் தப்பினவோ! சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் செய்யும் 58 மில்லிமீட்டர்க் குறுங்கத்தியில் பூட்டே இல்லை. நூலறுக்கவும் உறை பிரிக்கவும் அது போதும், தேங்காய்ச் சில்லைப் பெயர்க்க அன்று.

கனத்த கத்தியோ மேசையறையிலேயே உறங்கும். கரிம எஃகு எளிதில் தீட்டப்படும். எலுமிச்சை நறுக்கித் துடைக்காவிடில் துருவேறும். பிள்ளைகளிடம் கொடுக்குமுன், விரித்தவுடன் வளையத்தைத் திருப்பும் பழக்கத்தை அவர்கள் கைக்குக் கற்பியுங்கள்.