லட்சத்தீவு ‘ஈகோ ரிசார்ட்’: ரூம் போடும் முன் தண்ணீர்க் கணக்கைப் பாருங்க

தம்பானூரில் ரயில் ஏறினால் எர்ணாகுளம். கொச்சியில் இருந்து சின்ன விமானத்தில் அகத்தி. நுழைவு பர்மிட் மட்டும் முன்கூட்டியே வாங்கணும். 2024 ஜனவரியில் பிரதமர் மோடியின் லட்சத்தீவு படங்கள் வந்த பிறகு உங்க ஆபீஸ் குரூப்பிலும் இந்த பிளான் ஓடியிருக்கும்.

ஆனால் அங்கே ஆறு கிடையாது. பவளத்தீவின் மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான் கிணற்றுத் தண்ணீர். அதிகமா உறிஞ்சினால் கடல்நீர் மேலே ஏறிடும். அதனால்தான் சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அமைத்தது. அப்போது அதன் திறன், நாளுக்கு 1 லட்சம் லிட்டர். 2011 கணக்கெடுப்பில் கவரத்தி மக்கள்தொகை சுமார் 11,000. வகுத்துப் பாருங்க: தலைக்கு 9 லிட்டர். ஒரு வாளிகூட நிறையாது!

அடுத்து கட்மத். 2011இல் சுமார் 5,400 பேர் வாழ்ந்த தீவு. அங்கே 110 அறைகளுடன் தாஜ் ரிசார்ட் வரும் என்று 2023 ஜனவரியில் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் அறிவித்தது.

எந்தத் தீவு ரிசார்ட்டாக இருந்தாலும், சோலார் பேனலும் மூங்கில் ஸ்ட்ராவும் இருக்கட்டும். ஷவர் தண்ணீர் எங்கிருந்து வருது, கழிவுநீர் எங்கே போகுது? பணம் கட்டும் முன் மெயில் போட்டுக் கேளுங்க. பதிலில் லிட்டர் கணக்கு இருக்கணும்.