விறாந்தை லைட்டில் ஒரு கூடு



நேற்று தறாவீஹ் முடிந்து வந்து போனைப் பார்த்தால், என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். விறாந்தை லைட்டின் மேலே கொண்டைக்குருவிக் கூடு. "சேர், உள்ளுக்கு ரெண்டு முட்டை கிடக்கு. நாளைக்குப் பெயின்ட் பாஸ் வாறார். எங்கட இவர் கழட்டி மாமரத்துல வைப்பம் என்கிறார். வெச்சா தாய் போகுமா?"

போகாது என்று எழுதினேன். முட்டையோடு கூட்டை இடம் மாற்றினால் அநேகமாகத் தாய் கைவிட்டுவிடும். அந்தச் சுவரை விட்டுவிட்டு மற்றதை அடியுங்கள் என்றேன். "பெருநாளும் அதுவுமா வீட்டு முகப்பை அரைகுறையா வைக்கிறதா?" என்று கணவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். அதனால்தான் இதை எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எங்கட ஊரில் குருவிகள் கூடு கட்டும் இடங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கரன்ட் மீட்டர் பெட்டி, திரைச்சீலைக் கம்பி, ஆணியில் மாட்டிய பழைய ஹெல்மெட். என் சாச்சியின் வீட்டில் உடுப்புக் காயப்போடும் கம்பியின் நுனியில் தேன்சிட்டு ஒன்று சிலந்தி வலையால் பை பின்னித் தொங்கவிட்டது. சாச்சி அந்தப் பக்கம் உடுப்பே போடவில்லை.

முற்றத்தில் மரம் இருக்க ஏன் வீட்டுக்குள் வருகின்றன? மரத்தில் காகம் இருக்கிறது, செண்பகம் இருக்கிறது, அணில், பாம்பு எல்லாம் இருக்கின்றன. செண்பகத்துக்கு முட்டையும் குஞ்சும் நல்ல தீனி. ஆனால் ஆள் நடமாடும் விறாந்தைக்குள் அது இலேசில் வராது. கொண்டைக்குருவி எங்களை நம்பி வருகிறது என்று சொல்வார்கள். எனக்கென்றால், செண்பகத்தை விட நாம் பரவாயில்லை என்று அது கணக்குப் போட்டிருக்கிறது என்றே படுகிறது. வளவில் இருந்த பூமரங்களை வெட்டிக் கல் பதித்ததும் நாங்கள்தானே. முந்தி ஓட்டு வீட்டு இடுக்கில் ஊர்க்குருவி இருந்தது. துளை போட்ட முட்டியும் கட்டித் தொங்கவிடுவார்கள். இப்போது எல்லாம் சிலாப், இடுக்கே இல்லை.

கொண்டைக்குருவி வீட்டில் கூடு கட்டினால் நல்ல சகுனம் என்று விட்டுவைக்கிறவர்களும் உண்டு. குருவிக்கு அது நல்லதுதான். ஆனால் பறவையை வைத்துச் சகுனம் பார்ப்பது எங்கள் மார்க்கத்தில் இல்லை. எங்களுக்குப் போதுமானது அபூதாவூதில் வரும் அந்தச் சம்பவம். பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு குருவியின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய் வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி சொன்னார்கள்.

இதை ஒரு காலத்தில் வகுப்பில் படிப்பித்த நானே ஒரு கூட்டைக் கலைத்திருக்கிறேன். தவணைப் பரீட்சை நேரம், வகுப்பறை டியூப் லைட்டில் கூடு. பழைய கூடு என்று நினைத்து, தும்புத்தடியால் தட்டிவிடும்படி ஒரு மாணவனிடம் சொன்னேன். விழுந்தது மூன்று குஞ்சுகள். பரீட்சை நடந்த இரண்டு நாளும் தாய் வாயில் பூச்சியோடு வந்து அந்த லைட்டில் இருந்து பார்த்துவிட்டுப் போனது. பிள்ளைகள் எழுதாமல் அதைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? அடைகாக்க ஏறத்தாழ 14 நாள், குஞ்சு வெளியேற இன்னும் அவ்வளவு. மொத்தம் ஒரு மாதம். அந்த லைட்டை மட்டும் போடாதீர்கள். எச்சம் விழும் என்றால் கீழே ஒரு கார்ட்போட் மட்டையைப் போட்டு, தினமும் மாற்றுங்கள். மின்விசிறியில் கட்டத் தொடங்கினால் மட்டும், முட்டை இடுவதற்கு முன்பே நாரை எடுத்துவிடுங்கள். அங்கே விட்டால் தாயே அடிபட்டுச் சாகும். ஒருநாள் குஞ்சு பறக்கத் தெரியாமல் நிலத்தில் தத்தித் திரிந்தால் அநாதை என்று நினைத்துப் பாலும் சோறும் ஊட்ட வேண்டாம். தாய் பக்கத்தில்தான் நிற்கும். பூனைக்கு எட்டாத செடியில் எடுத்து வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா கதை.

கூடு காலியானதும் கழட்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். யார் வேண்டாம் என்றது?

இன்று அஸருக்குப் பிறகு அந்த உம்மா இன்னொரு படம் அனுப்பினார். விறாந்தை முழுக்க இளம்பச்சை. லைட்டைச் சுற்றி மட்டும் இரண்டு முழம் பழைய நீலம். கூட்டின் விளிம்பில் குருவியின் வால் தெரிகிறது. மிச்சத்தை அடிக்க ஹஜ் பெருநாளுக்கு முன் வரச் சொல்லி பாஸிடம் கணவரே பேசியிருக்கிறாராம்.