வேலிக்கு அப்பால் எறிந்த நத்தை

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! சொல்லும்போது பாதி பெருமூச்சு, பாதி சிரிப்பு. கேட்பவரும் தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் விடியுமுன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். இதையே வேறு தேசத்தார் ஒருவரிடம் பெயர்த்துச் சொல்லிப் பாருங்கள். "அப்படியானால் ஏன் உழுகிறீர்கள்?" என்று கேட்பார். கேள்வியில் தவறில்லை. நாம் சொன்னது கணக்கல்ல, புலம்பல் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

புலம்பலும் கேலியும் ஊருக்கு ஊர் வேறுபடும். மண்ணில் கைவைத்தவர்கள் எல்லோருக்கும் அவை உண்டு என்பது மட்டும் பொது. வயிற்றுப்பாட்டுக்காக இல்லாமல் பொழுதுபோக்காகப் பயிர் செய்கிறவர்களுக்கும் உண்டு. இங்கிலாந்து நாட்டின் 'அலாட்மெண்ட்' தோட்டக்காரர்களின் புலம்பல் அந்த வகை. அதைக் கேட்டால் நமக்கு முதலில் சிரிப்பு வரும், அடுத்தாற்போல் கொஞ்சம் கோபமும் வரும். என்றாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள நமக்கும் ஒன்று இருக்கிறது.

முதலில் அவர்கள் யார் என்று பார்ப்போம். நகரங்களில் சொந்த நிலம் இல்லாதவர்களுக்குக் காய்கறி போட்டுக்கொள்ள ஊராட்சி மன்றமோ நகர மன்றமோ சிறு துண்டு நிலத்தைக் குறைந்த வாடகைக்கு விடுகிறது. 1908-ல் வந்த சட்டம் இதற்கு வழி செய்தது. ஒரு துண்டின் வழக்கமான அளவு 10 'ராடு'. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். விளைவதைப் பெரும்பாலும் தன் குடும்பத்தின் சாப்பாட்டுக்கே பயன்படுத்த வேண்டும் என்பது 1922-ம் ஆண்டுச் சட்டம். இரண்டாவது உலகப் போரின்போது கப்பலில் உணவு வருவது தடைப்பட்டதால், "வெற்றிக்காகத் தோண்டுங்கள்" என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. அப்போது இத்தகைய துண்டுகள் 14 லட்சம் வரை இருந்தன. இன்று மூன்று லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் கேட்போர் அதிகம். சில நகரங்களில் பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள்.

ஆறேகால் சென்ட்தானே என்று அலட்சியமாக நினைக்கவேண்டாம். நம் ஊரில் அந்த அளவு நிலத்தில் கீரை போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அங்கே ஓய்வு பெற்ற தபால்காரர், பள்ளி ஆசிரியர், பஸ் டிரைவர் போன்றோர் பக்கத்துப் பக்கத்துத் துண்டில் குனிந்து வேலை செய்துகொண்டே ஒருவருக்கொருவர் குறை சொல்லிக்கொள்வார்கள். மழை பெய்தால் மழைமேல் குறை, பெய்யாவிட்டால் வெயில்மேல் குறை. முட்டைக்கோசைப் புறா தின்றுவிட்டது, உருளைக்கிழங்கில் கருகல் வந்துவிட்டது, கமிட்டிக்காரர் வந்து களை மண்டிக் கிடக்கிறதென்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார். இப்படியே பொழுது போகும். "இந்த வருஷம் வெங்காயம் எப்படி?" என்று கேட்டால், "மோசமில்லை" என்று பதில் வரும். அதற்கு அர்த்தம், வெங்காயம் பரிசு வாங்கும் அளவில் இருக்கிறது என்பது. இது தெரியாத அமெரிக்கர் ஒருவர் பக்கத்தில் நின்றால், பாவம் விளையவில்லை போலும் என்று அனுதாபப்படுவார். அமெரிக்கரின் வழக்கம் நேர் எதிர். அவர் தோட்டத்தில் காய்த்தது மாநிலத்திலேயே பெரிய காய் என்று ஆரம்பிப்பார். இருவரும் சொல்வது ஒரே அளவு வெங்காயத்தைத்தான்.

ஜெர்மானியர் கேலியோ சட்டத்தைப் பற்றியது. அங்கேயும் நகரத்து மக்களுக்குச் சிறு தோட்டங்கள் உண்டு. 1983-ல் அமலுக்கு வந்த சட்டப்படி ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகலாகாது, அதாவது சுமார் பத்து சென்ட். உள்ளே கட்டும் குடில் 24 சதுர மீட்டருக்குள் அடங்கவேண்டும். மூன்றில் ஒரு பங்காவது காய், கனி பயிரிட்டிருக்கவேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே அங்கே டேப் பிடித்து வேலியின் உயரத்தை அளக்கும் சங்கச் செயலாளர்தான் கேலிப் பாத்திரம். நம் ஊரில் வாய்க்கால் முறை பார்க்கிறவரைப் பற்றி நாம் பேசிக்கொள்வது இல்லையா, அது மாதிரி.

இன்னொரு வேடிக்கை. ஜெர்மனியில் தோட்டத்தில் சிவப்புக் குல்லாய் போட்ட குள்ளன் பொம்மைகளை வைப்பார்கள். 1840-களில் ஒரு பிரபு அவற்றில் சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து தன் தோட்டத்தில் வைத்தார். அது பரவியது. பரவிய பிறகு மேல்தட்டு மக்களுக்கு அது மட்டமாகத் தோன்றிவிட்டது. லண்டனில் நடக்கும் புகழ்பெற்ற செல்சி மலர்க் கண்காட்சியில் அந்தப் பொம்மைக்கு அனுமதியே கிடையாது. 2013-ல் நூறாவது ஆண்டு என்பதற்காக மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். கண்ணேறு கழிக்கப் பூசணிக்காயில் முகம் எழுதித் தொங்கவிடும் நமக்கு, ஒரு மண்பொம்மைக்காக இத்தனை வழக்கா என்றுதான் தோன்றும்.

இனி, கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். பூசணி இனத்தில் சுக்கினி என்றொரு காய் உண்டு. வெள்ளரி போல நீளமாக இருக்கும். இரண்டு செடி வைத்தால் கோடையில் காய்த்துத் தள்ளிவிடும். இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் கை பருமனுக்கு வந்துவிடும். அமெரிக்காவில் ஆகஸ்ட் 8-ம் தேதியை, பக்கத்து வீட்டுத் திண்ணையில் ரகசியமாகச் சுக்கினி வைத்துவிட்டு ஓடும் நாள் என்று விளையாட்டாகக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பருவத்தில் காரைப் பூட்டிவிட்டுப் போகவேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வருவதற்குள் யாராவது உள்ளே சுக்கினி மூட்டையைப் போட்டுவிடுவார்கள் என்று பழைய ஜோக் ஒன்று. இங்கிலாந்திலும் இதே புலம்பல்தான். விளைந்தது மிகுந்துபோனதே அவர்களுக்குத் தொல்லை!

நம் தக்காளி விவசாயியிடம் போய் இந்த ஜோக்கைச் சொல்லமுடியுமா? பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல், கூடை கூடையாகச் சாலை ஓரத்தில் கொட்டிவிட்டு வந்தவனுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அமோக விளைச்சல் என்பது அவர்களுக்குத் திண்ணைச் சிரிப்பு, நமக்கு வட்டிக்கடை. பென்ஷன் வாங்குகிறவர் தோட்டம் பொய்த்தால் கடையில் வாங்கிச் சாப்பிடுவார். அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, "அவர்களைப் போல நஷ்டத்தைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று யாராவது நமக்கு உபதேசம் செய்தால், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அவர்களும் எப்போதும் சிரித்துக்கொண்டு இருப்பதில்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிகளில் சுரங்கத் தொழிலாளர்கள் 'லீக்' என்ற வெங்காயத் தாள் போன்ற பயிரைப் போட்டிக்கு வளர்ப்பார்கள். பரிசு பெரியது. எரு என்ன, ஊற்றும் கரைசல் என்ன என்பதைச் சொந்தத் தம்பிக்கும் சொல்லமாட்டார்கள். போட்டிக்கு முதல் நாள் இரவு எதிராளி வந்து பயிரைக் கத்தியால் கீறிவிட்டுப் போவதும் நடந்திருக்கிறது. அதற்குப் பயந்து தோட்டத்திலேயே படுத்து உறங்கியவர்கள் உண்டு. பணமும் கௌரவமும் நுழைந்தால் பொழுதுபோக்கும் வரப்புச் சண்டை ஆகிவிடும் போலும்.

ஆனாலும் அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. தோற்றுப்போனதை வெளியே சொல்லிவிடுகிறார்கள். "என் கேரட் முளைக்கவே இல்லை, உனக்கு முளைத்ததா?" என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் விதை முளைக்காவிட்டால் நான்கு பேருக்குத் தெரியாமல் மறுபடி உழுது விடுகிறோம். கௌரவம்! அதனால் அதே மோசமான விதையை அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் வாங்கி ஏமாறுகிறார்கள்.

புலம்பல் எப்படிப் பயன்படும் என்பதற்கு நத்தைக் கதையைச் சொல்லவேண்டும். அந்த நாட்டுத் தோட்டக்காரர்களின் முதல் எதிரி நத்தை. இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவார்கள். கிண்ணத்தில் பீர் ஊற்றி மண்ணில் புதைத்துவைத்தால் வாசனைக்கு வந்து விழுந்து சாகும் என்பார்கள். (இந்த உத்தியை நம் ஊரில் சிபாரிசு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. நத்தை வந்து சேரும்வரை கிண்ணத்தில் பீர் இருக்கவேண்டுமே!) கொல்ல மனம் இல்லாதவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்குள் எறிந்துவிடுவார்கள். இது அங்கே நெடுங்காலத்துக் கேலி.

டெவன் மாவட்டத்தைச் சேர்ந்த ரூத் புரூக்ஸ் என்ற பாட்டிக்கும் இதே தொல்லை. எறிந்த நத்தை திரும்பி வந்துவிடுகிறதே என்று அவருக்குச் சந்தேகம். பி.பி.சி. வானொலி, பொதுமக்களின் சந்தேகங்களை விஞ்ஞானிகள் துணையோடு சோதித்துப் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தியபோது இதை எழுதி அனுப்பினார். நத்தை ஓட்டில் நகப்பூச்சினால் அடையாளம் இட்டுத் தூரத்தில் விட்டுப் பார்த்தார்கள். பல ஊர்களில் அண்டை வீட்டார்கள் தங்கள் நத்தைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டும் பார்த்தார்கள். பத்து மீட்டர் தூரத்தில் விட்டவை வீடு திரும்பிவிட்டன. நிச்சயமாகத் தொலைக்கவேண்டுமானால் நூறு மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விடவேண்டும் என்று கண்டார்கள். 2010-ல் அந்தப் பாட்டிக்குப் பரிசு கிடைத்தது. வேலிக்கு அப்பால் எறிவது வீண் வேலை என்பது இவ்வாறு நிரூபணமாயிற்று.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் வாழைத்தோட்டங்களிலும் காய்கறிப் பாத்திகளிலும் இப்போது ஏறி மேயும் பெரிய நத்தை இருக்கிறதே, ஆப்பிரிக்க நத்தை, அது இந்த மண்ணுக்கு வந்ததும் ஒரு பொழுதுபோக்குக்காரரால்தான். பென்சன் என்ற ஆங்கிலேயருக்கு நத்தை ஓடு சேகரிப்பதில் ஆசை. மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டுவந்த நத்தைகளைக் கல்கத்தாவில் நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவை 1847-ல் சௌரங்கித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. அங்கிருந்து பெருகிப் பரவியதன் பலனை நாம் அனுபவிக்கிறோம். ஒருவருக்கு வேடிக்கை, நூற்றெழுபது ஆண்டு கழித்தும் இன்னொருவருக்கு வினை.

எங்கள் வரப்பிலும் நடந்தது. நாற்றுப் பாத்தியை நத்தை மொட்டையடித்துவிட்டது. விடியற்காலையில் பொறுக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் எறிந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் இருட்டோடு போனபோது அந்தப் பக்கத்து அண்ணன் என் பக்கம் எறிந்துகொண்டிருந்தார்! இருவரும் கையில் நத்தையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏற்கெனவே வரப்பு விஷயத்தில் எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சண்டைதான் வரும் என்று நினைத்தேன். அவர், "ஏன் தம்பி, ஒரே நத்தையைத்தான் ரெண்டு பேரும் மேய்க்கிறோமோ?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

அதன் பிறகு இருவரும் சேர்ந்து பொறுக்கினோம். நனைத்த சாக்கின் கீழே பப்பாளி இலையும் தண்டும் போட்டு, மாலையில் வரப்பு ஓரம் அங்கங்கே வைத்தால், விடியுமுன் சாக்குக்கு அடியில் கூட்டமாக ஒதுங்கிக் கிடக்கும். வெறுங்கையால் தொடக்கூடாது. எலியிடமிருந்து நத்தைக்கு வரும் ஒருவகைப் புழு, மனிதரின் மூளையைத் தாக்கக்கூடியது. கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு எடுத்து, கெட்டியான உப்புக் கரைசல் உள்ள வாளியில் போடவேண்டும். செத்த பின் குழியில் சுண்ணாம்பு தூவி மூடிவிடலாம். உப்புத் தண்ணீரை வயலில் ஊற்றிவிடாதீர்கள். இந்த நத்தையில் ஆண், பெண் என்ற பிரிவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் மண்ணுக்குள் இடக்கூடியது. ஆகவே ஒரு மழையோடு விட்டுவிடாமல் பருவம் முழுவதும் பொறுக்கவேண்டும். ஒருவர் தோட்டத்தில் மட்டும் பொறுக்கினால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்துவிடும். நத்தைக்கு விற்கும் மெட்டால்டிஹைடு குருணை மருந்தை இங்கிலாந்தில் திறந்த வெளியில் பயன்படுத்த 2022-லிருந்து தடை. பறவைகளுக்கும் பிராணிகளுக்கும் ஆபத்து என்பதே காரணம். கோழியும் நாயும் திரியும் நம் தோட்டத்தில் வேளாண்மை அலுவலரைக் கேட்காமல் அதைத் தூவுவது கூடாது.

வரப்புத் தகராறு அப்படியேதான் இருக்கிறது. சர்வேயர் வந்தால்தான் தீரும். ஆனால் காலையில் வாளியை வைத்து எண்ணும்போது மட்டும், "உங்க பக்கத்து நத்தைதான் தம்பி அதிகம்" என்று அண்ணன் ஆரம்பித்துவிடுவார்.