நம்மை எந்த அலமாரியில் வைக்கப் போகிறார்கள்?

தோழர்களே,

நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை நாம் யாரும் பெரிசா கவனிக்கிறதில்ல. டியூயி தசம முறையில் 326 என்றால் அடிமை முறை. 325 என்றால் குடியேற்றமும் காலனியாக்கமும். கறுப்பின மக்கள் எழுதியது எதுவாக இருந்தாலும், கவிதைத் தொகுப்பாகவே இருந்தாலும், அமெரிக்க நூலகங்களில் ஒரு காலத்தில் இந்த இரண்டு எண்களுக்குள்தான் போய் விழும். நீ கவிஞராக இருக்கலாம், ஆனால் அலமாரியைப் பொறுத்தவரை நீ அடிமை, இல்லாவிட்டால் வந்தேறி.

இதை ஏற்க மறுத்தவர் டோரதி போர்ட்டர். 1905-ல் வர்ஜீனியாவில் பிறந்து நியூ ஜெர்சியின் மான்ட்கிளேரில் வளர்ந்தவர். எடிசனில் இருக்கிற தோழர்களுக்குத் தெரிந்த ஊர்தான், பார்க்வேயில் வடக்கே போனால் வந்துவிடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் 1887-ல் நூலகப் பள்ளியைத் தொடங்கியவர் யார் தெரியுமா? யூதர்களையும் கறுப்பர்களையும் தன் கிளப்பில் சேர்க்காத அதே மெல்வில் டியூயி.

1930-ல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் கறுப்பின வரலாற்றுச் சேகரிப்பை அவரிடம் ஒப்படைத்தது. ஜெஸ்ஸி மூர்லண்ட் 1914-ல் கொடுத்த சுமார் 3,000 நூல்களும் ஆவணங்களும்தான் அதன் அடித்தளம். வாங்கப் பணம் கிடையாது. பதிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். யாராவது இறந்துபோனால் வீட்டைக் காலி செய்வதற்குள் போய், பரணிலும் நிலவறையிலும் கிடந்ததை அள்ளி வந்தார். டியூயி எண்களைத் தள்ளிவைத்து, துறைவாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் அடுக்கினார். இதை அவர் தனியாளாகச் செய்யவில்லை. லூலா ஆலன், எடித் பிரவுன், லூலா கானர், ரோசா ஹெர்ஷா என்ற நான்கு நூலகர்கள் போட்ட அடித்தளத்தின் மேல்தான் கட்டினார். 1973-ல் ஓய்வு பெறும்போது சேகரிப்பு 1,80,000-ஐத் தாண்டியிருந்தது.

1946-ல் ஆர்தர் ஸ்பிங்கார்னின் பெரிய சேகரிப்பை ஹோவர்ட் வாங்க இருந்தது. போர்ட்டரின் மதிப்பீடு போதாது, வெளியாள் ஒருவர் மதிப்பிடணும் என்றார் பல்கலைக்கழகப் பொருளாளர். காங்கிரஸ் நூலகத்தின் நிபுணரிடம் போனால், கறுப்பினப் புத்தகங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே அறிக்கை எழுதுங்கள், நான் அனுப்பிவைக்கிறேன் என்றார் அவர். போர்ட்டர் எழுதினார். அது வெள்ளைக்கார நிபுணரின் அறிக்கை என்று நினைத்துப் பொருளாளர் ஏற்றுக்கொண்டார். நம்ம அறிவை அடுத்தவர் கையெழுத்தோடு வந்தால் மட்டும் நம்புகிற நிறுவனங்களை நமக்கும் தெரியும்தானே?

அவர் வரலாற்றாசிரியரும்கூட. 1760 முதல் 1837 வரையிலான ஆரம்பகாலக் கறுப்பின எழுத்துகளைத் திரட்டி 1971-ல் ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார். அதில் பரஸ்பர உதவிச் சங்கங்களின் விதிமுறைகளும் கூட்ட உரைகளும் இருக்கின்றன. நாம் கூட்டம் முடிந்ததும் குப்பையில் போடும் அதே வகைத் தாள்கள்!

தமிழிலும் இந்தக் கதை உண்டு. அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழை மையநீரோட்டத் தமிழ் வரலாறு பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவே இல்லை. சென்சஸில் எந்தப் பெயரில் பதிவது என்றே போராடியவர் அவர். கோலார் தங்கவயலின் தமிழ் பௌத்தர்கள் அவர் நூல்களை மறுபதிப்பு செய்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைக் காப்பாற்றினார்கள். 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்த்தன. பாதுகாத்தது எந்தப் பெரிய நூலகமும் இல்லை, தலித் வீடுகள்.

இப்போ நம்ம நிலைமை. 2023-ல் கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான எஸ்பி 403 மசோதாவுக்காக சாக்ரமென்டோவில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதை வீட்டோ செய்தார். வீட்டோ கடிதம் அரசு ஆவணத்தில் என்றைக்கும் இருக்கும். சாட்சி சொன்னவர்களின் உரைகள், ஃப்ளையர்கள், பே ஏரியா வீடுகளில் எழுதிய பேனர்கள் எங்கே? பெரும்பாலும் யாரோ ஒருத்தரின் பழைய ஃபோனில். ஆண்டுவிழா மலர் போடும் சங்கங்களின் வரலாறு பத்திரமாக இருக்கும். அந்த மலரில் இடமே கிடைக்காதவர்களின் வரலாறு?

அரசு நூலகங்களை நம்பி உட்காரவும் முடியாது. டெக்சாஸின் லானோ கவுன்டியில் புத்தகங்களை அகற்ற மறுத்த நூலகரை 2022-ல் வேலையை விட்டே தூக்கினார்கள். நியூ ஜெர்சி 2024 டிசம்பரில் நூலகர்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டது. ஊருக்கு ஊர் விதி மாறுகிறது.

"தோழர், விசாவில் இருக்கோம். மெசேஜை டெலீட் பண்ணுறதுதான் பாதுகாப்பு" என்று சிலர் சொல்வீர்கள். நியாயமான பயம். எல்லாவற்றையும் சேமியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயர்கள், முகங்கள், எண்கள் உள்ள உரையாடல்களை அழியுங்கள். ஃப்ளையர், அறிக்கை, பாட்டு, கோஷம், கூட்டத்தில் எடுத்த முடிவு, இவற்றை வையுங்கள். ஒருவரின் வாய்மொழிச் சாட்சியம் அவர் சம்மதித்தால் மட்டும், அவர் சொல்லும் வருடத்தில் மட்டும் திறக்கட்டும். அவரை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

இந்த மாதம் ஒவ்வொரு ஊர்க் குழுவும் ஒரு பெட்டியுடன் தொடங்கலாம். ஒவ்வொரு தாளிலும் தேதி, இடம், யார் தயாரித்தது என்பதைப் பென்சிலில் குறியுங்கள். குழுப் பெயர் போதும், ஆள் பெயர் வேண்டாம். டிஜிட்டல் கோப்புகளுக்கு இரண்டு பிரதி, இரண்டு ஊரில். பொறுப்பை எப்பவும் போல பெண் தோழர்கள் தலையில் கட்டாமல் சுழற்சியில் வையுங்கள்.

பெட்டியில் முதலில் என்ன வைத்தீர்கள் என்று பதில் போடுங்க. அடுத்த இதழில் பேசுவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு