வாத்தியங்களுக்குப் பால் வகுத்தவர்கள் யார்?

அனந்த சதுர்த்தசி நாளில் புனே நகரின் லட்சுமி சாலை வழியே பிள்ளையார் சிலைகள் கரைப்புக்குக் கொண்டுசெல்லப்படும்போது, அவற்றுக்கு முன்னே டோல்-தாஷா குழுக்கள் முழங்கிச் செல்வது வழக்கம். இடுப்பில் கட்டிய கனத்த டோலைச் சுமந்து மணிக்கணக்கில் அடித்துச் செல்வோரில் இளம் பெண்கள் இன்று பெருந்தொகையினர். அவர்களுடைய படங்களை வெளியிட்டு, பெண்கள் தடைகளை உடைத்தெறிந்துவிட்டார்கள் என்று முதலாளித்துவ ஊடகங்கள் எழுதி முடித்துவிடுகின்றன. ஆனால் அதே நகரின் நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் பிள்ளைகளை இசை வகுப்பில் சேர்க்கப் போகும்போது, பெண்ணுக்கு வாய்ப்பாட்டும் கதக்கும், பையனுக்குத் தபலா என்னும் பழைய பங்கீடே பெரும்பாலும் நடக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் அது வீணை, மிருதங்கம் என்று பெயர் மாறி நடக்கிறது.

இந்தப் பங்கீட்டுக்கு வக்காலத்து வாங்குவோர் 'இயற்கை' என்ற சொல்லைக் கையில் எடுக்கின்றனர். மெல்லிய ஒலி பெண்ணுக்குரியது, முழக்கம் ஆணுக்குரியது. பெண்ணின் விரலுக்கும் தோளுக்கும் வலுப் போதாது. இதில் ஆதிக்கம் எங்கே வந்தது என்பது அவர்கள் கேள்வி. இந்த வாதத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குப் புல்லாங்குழலைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை.

அமெரிக்காவில் ஏபிலஸ், போர்ட்டர் என்னும் இரு ஆய்வாளர்கள், எந்த வாத்தியத்தை மக்கள் எந்தப் பாலோடு சேர்த்துப் பார்க்கின்றனர் என்பதை ஆராய்ந்து 1978ஆம் ஆண்டு வெளியிட்டனர். புல்லாங்குழல், வயலின், கிளாரினெட் ஆகியவை பெண்மைக்குரியவை எனவும், முரசு, டிராம்போன், டிரம்பெட் ஆகியவை ஆண்மைக்குரியவை எனவும் அங்கே கருதப்படுவது அதில் வெளிப்பட்டது. அந்தச் சமூகத்தில் பள்ளி இசைக்குழுவில் சேர்ந்து புல்லாங்குழலைத் தேர்ந்தெடுக்கும் சிறுவன் சக மாணவர்களின் கேலிக்கு ஆளாகிறான். இந்தியாவிலோ குழல் கண்ணனின் கையில் இருப்பது. மாடு மேய்க்கும் சிறுவனின் கையில் இருப்பது. கர்நாடக இசையில் சரப சாஸ்திரி, பல்லடம் சஞ்சீவ ராவ், மாலி என்று நீளும் புல்லாங்குழல் வரிசை நெடுங்காலம் ஆண்களின் வரிசையாகவே இருந்தது. சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணியும் நீலாவும் அதற்குள் நுழைந்து, 2002ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருது வரை சென்றனர். அமெரிக்கச் சிறுவனுக்கும் இந்தியச் சிறுவனுக்கும் நுரையீரல் ஒன்றுதான், உதடு ஒன்றுதான். ஒருவனுக்கு இழிவு என்று சொல்லப்படும் கருவி மற்றவனுக்குத் தெய்வத்தின் கருவியாக இருக்கிறது.

ஐரோப்பாவிலேயே கதை இப்படித் தொடங்கவில்லை. 1722இல் இலண்டனில் ஜான் எசெக்ஸ் என்பவர் இளம் பெண்களுக்கான நன்னடத்தை நூல் ஒன்றை வெளியிட்டார். நற்குடிப் பெண்ணுக்கு ஒவ்வாத வாத்தியங்களின் பட்டியலில் அவர் சேர்த்தவற்றுள் புல்லாங்குழலும் ஒன்று. அதை ஊதுவது பசிக்கும் செரிமானத்துக்கும் தேவையான உமிழ்நீரை வீணாக்குமாம். அக்காலப் படைகளின் முன்னே ஆண்களும் சிறுவர்களும் சிறு குழலை ஊதிச் சென்றனர். பிரஷ்ய மன்னன் இரண்டாம் ஃபிரெடெரிக் போர்க்களத்திலும் பெயர் பெற்றவன், புல்லாங்குழலிலும் பெயர் பெற்றவன். அவன் தந்தைக்கோ மகனின் குழல் ஆண்மைக்கு இழுக்காகத் தெரிந்தது. ஆக, ஒரே நூற்றாண்டில், ஒரே கண்டத்தில், அதே கருவி பெண்ணுக்கு அடாதது என்றும் ஆணுக்கு அடாதது என்றும் ஏசப்பட்டிருக்கிறது. இயற்கைக்கு இத்தனை மனமாற்றங்கள் இருக்க முடியாது. யார் எங்கே நிற்கலாம், யார் பொதுவெளியில் உடலைக் காட்டலாம், யாருக்குக் கூலி என்பதைத் தீர்மானித்த சமூக உறவுகளே மாறிவந்துள்ளன.

இந்துஸ்தானி இசையில் பெரிய மூங்கில் குழலுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கித் தந்தவர் வங்கத்தின் பன்னாலால் கோஷ். அவருக்குப் பின் அதை உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்ற ஹரிபிரசாத் சௌராசியாவின் இளமைக் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் தந்தை அலகாபாத்தில் மல்யுத்த வீரர். மகனும் மல்லனாக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மகன் தந்தைக்குத் தெரியாமல் இசை பயின்றான். குழல் கண்ணனின் கருவி என்று போற்றும் நாட்டிலும், ஓர் உழைப்பாளிக் குடும்பத்துப் பையன் அதை ஒளித்து வாசிக்க வேண்டியிருந்தது. புனேயில் 'தாலீம்' என்னும் சொல் மல்யுத்தக் கூடத்தையும் குறிக்கும், குருவிடம் பெறும் இசைப் பயிற்சியையும் குறிக்கும். ஆணாதிக்கம் அந்த இரண்டில் ஒன்றை மட்டுமே ஆண்பிள்ளைக்கு அனுமதித்தது. பெண்ணை அடக்கும் ஏற்பாடு பையனையும் ஒரு வார்ப்பில் ஊற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சௌராசியா பின்னாளில் எவரிடம் போய்ப் பயின்றார் என்பது இதைவிட முக்கியம். மைஹர் அலாவுதீன் கானின் மகள் அன்னபூர்ணா தேவி சிதாரைவிடப் பெரியதும் கனமானதுமான சுர்பஹாரின் மேதை. அவருடைய அக்காளுக்குத் திருமணமான வீட்டில் இசை பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. அங்கே அவரது தம்பூராவைத் தீயில் இட்டதாக இசையுலகில் சொல்வார்கள். அதனாலேயே தந்தை இளைய மகளுக்குக் கற்பிக்க முதலில் தயங்கினார். கற்றுத் தேர்ந்த அந்த மகளோ, 1941இல் ரவிசங்கரை மணந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பொது மேடையை விட்டே விலகினார். 2018இல் இறக்கும்வரை மும்பை அடுக்ககம் ஒன்றில் மூடிய கதவுக்குப் பின்னேதான் அவர் வாசித்தார், கற்பித்தார். நிகில் பானர்ஜியும் சௌராசியாவும் அந்தக் கதவைத் தட்டிக் கற்றவர்கள். புனேயின் சவாய் கந்தர்வ விழாவில் விடிய விடியக் கேட்டு மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குழலுக்குப் பின்னே மேடையேறாத ஒரு பெண்ணின் உழைப்பு இருப்பதை நினைத்திருப்பார்கள்? பெண்ணின் தோளுக்கு வலு இல்லை என்போர் சுர்பஹாரை ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும்.

புனேயின் சொந்த வரலாறு இன்னும் கூர்மையானது. 1848இல் ஜோதிராவும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்து கல்லடி பட்ட நகரம் இது. ஆஷாட மாதத்தில் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரம் செல்லும் பல்லக்குகள் இந்நகரில் தங்கிச் செல்கின்றன. ஜனாபாய், சோய்ராபாய், பஹினாபாய் ஆகியோரின் அபங்கங்கள் அந்த யாத்திரையில் வழிநெடுகப் பாடப்படுகின்றன. ஆனால் பெண்கள் துளசி மாடத்தைத் தலையில் சுமந்து நடக்க, மிருதங்கமும் தாளமும் பெரும்பாலும் ஆண்களிடமே இருக்கின்றன. பாட்டை இயற்றப் பெண்ணுக்குத் தகுதி உண்டாம், அதற்குத் தாளம் கொட்டத்தான் இல்லையாம்.

மராத்தி இசை நாடக மேடையிலோ நேர்மாறான காட்சி. பால கந்தர்வர் என்று புகழ்பெற்ற நாராயண் ராஜஹம்ஸ் ஒன்பது கெஜச் சேலை உடுத்திப் பெண் வேடத்தில் பாடினார். அவர் சேலை கட்டும் பாங்கை உயர்குடிப் பெண்கள் பார்த்துப் பின்பற்றினர். ஆண் பெண்ணாக நடிப்பது கலையின் உச்சம் என்று கொண்டாடிய அதே கனவான்கள், பெண்ணே பெண்ணாக மேடையேறினால் அவளுடைய ஒழுக்கத்தைக் கேள்வி கேட்டனர். அந்தச் சூழலில்தான் அப்துல் கரீம் கானின் மகள் ஹீராபாய் படோதேகர் பொதுக் கச்சேரி மேடையில் அமர்ந்து பாடினார். பெண் வேடங்களைப் பெண்களே ஏற்கும் நாடகக் குழுவும் நடத்தினார். 1968இல் பால கந்தர்வர் பெயரில் நகராட்சி எழுப்பிய அரங்கம் புனேயில் கம்பீரமாக நிற்கிறது. சேலையில் ஆண் ஒருவரை ஏற்க முடிந்த சமூகத்துக்கு, மிருதங்கத்தோடு பெண் ஒருத்தியை ஏற்பது மட்டும் ஏன் கடினமாக இருந்தது? அடங்காத உடல் எது என்பதே அங்கே பிரச்சினை.

தமிழகத்தில் இதற்கு உதாரணங்கள் தேட வேண்டியதில்லை. பாலக்காடு மணி ஐயர் பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்து, பின்னர்தான் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். கடம் கற்ற சுகன்யா ராம்கோபாலுக்கு ஹரிஹர சர்மா போன்ற ஆசான் கிடைத்தார். ஆனால் பெண் கடம் வாசிக்கும் மேடையில் உட்கார ஆண் மிருதங்கக் கலைஞர்கள் மறுத்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மறுப்பின் பொருள் வருமானம். கச்சேரி போனால் கூலி போகும். அவர் 1995இல் பெண்களையே கொண்டு 'ஸ்திரீ தாள் தரங்' என்ற குழுவை அமைத்தார். மும்பையில் அனுராதா பால் அடுத்த ஆண்டே தபலாவை முன்னிறுத்தி 'ஸ்திரீ சக்தி' என்ற குழுவைத் தொடங்கினார். மேற்கே வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1997 வரை எந்தப் பெண்ணையும் உறுப்பினராக ஏற்கவில்லை. ஹார்ப் வாசித்த அன்னா லெல்கெஸ், உறுப்பினருக்குரிய தகுதியின்றியே பல ஆண்டுகள் உடன் வாசித்துக்கொண்டிருந்தார். ரசனை, மரபு என்று அழகாகப் பேசப்படுவது கடைசியில் வேலைவாய்ப்புப் பிரச்சினையாக வந்து நிற்பதைத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வாத்தியத்தின் பால் அரசியலைச் சாதியை விட்டுவிட்டுப் பேசுவது பாதிப் பேச்சு. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்திக் கட்டித் தருவோரில் பலர் தலித்துகள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்கு 2020இல் அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா பின்வாங்கியது நினைவிருக்கும். தமிழகத்தில் பறை போல மகாராஷ்டிரத்தில் ஹல்கி. சாவுக்கும் திருவிழாவுக்கும் அதை அடிக்கும் கடமை மாங் உள்ளிட்ட தலித் சாதிகளின் மேல் சுமத்தப்பட்டது. உயர்சாதிப் பெண்ணுக்கு முரசு தடை செய்யப்பட்டது, தலித் ஆணுக்கு முரசு கட்டாயமாக்கப்பட்டது. இரண்டும் ஒரே சாதிய ஆணாதிக்க ஒழுங்கின் இரு கைகள்.

இனிப் புனேயின் டோலுக்குத் திரும்பலாம். பெண்கள் டோலை எடுத்ததை இகழ வேண்டியதில்லை. கல்லூரி மாணவியும் கடை ஊழியரும் நள்ளிரவில் தெருவின் நடுவே நின்று முழங்குவது உண்மையான ஒரு வெற்றிதான். ஆனால் அந்த வெற்றி எந்தக் கொடியின் கீழ் நடக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. 1893இல் திலகர் பொது விழாவாக்கிய கணேசோத்சவத்துக்குள் வெவ்வேறு போக்குகள் இருந்தன. மூன்றாவது மரியாதைக்குரிய குருஜி தாலீம் மண்டலமே இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து தொடங்கியது. இன்று இந்துத்துவா சக்திகள் அந்த மரபை விழுங்கி, காவித் தலைப்பாகை கட்டிய பெண்ணைத் தங்கள் அணிவகுப்பின் அலங்காரமாக்கப் பார்க்கின்றன. விழாவில் டோல் அடிக்கும் மகளை மெச்சும் அரசியல், அவள் சாதி மதம் கடந்து ஒருவனைத் துணையாகத் தேர்ந்தால் 'லவ் ஜிகாத்' என்று துரத்துகிறது. 2024இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு குழுவில் 30 பேருக்கு மேல் கூடாது என்றது. உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இரைச்சல் பற்றிய அந்த வழக்கு நகரம் முழுவதும் பேசப்பட்டது. டோல் குழுக்களில் பெரும்பாலோர் ஊதியமில்லாத் தொண்டர்கள் என்பதும், ஹல்கியை வயிற்றுப்பாட்டுக்காக அடிப்பவருக்குக் கிடைக்கும் கூலி என்ன என்பதும் பேசப்படவில்லை.

மகாராஷ்டிரத்துக்கு இன்னொரு முரசு மரபும் உண்டு. மாங் சாதியில் பிறந்து, பம்பாய் ஆலைத் தொழிலாளியான அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக், கவாங்கர் ஆகியோருடன் சேர்ந்து 1944இல் லால் பாவ்டா கலாபதக் என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். சாதி சுமத்திய கருவிகளும் தமாஷாவும் அங்கே வர்க்கப் போராட்டத்தின் குரலாயின. அந்த மரபின் வாரிசுகள் என்று உரிமை கொண்டாடும் இயக்கத்தில், இந்தக் கேள்வியை முதலில் கட்சிக்குள் எழுப்ப வேண்டும். எத்தனை கலைக்குழுக்களில் பெண் தோழர்கள் பாட்டோடு நிறுத்தப்பட்டு, பறையும் டிரம்மும் ஆண் தோழர்கள் கையில் இருக்கின்றன? பாலர் அமைப்புகளில் குழல் ஊதவும் நடனம் ஆடவும் விரும்பும் பையனை யாராவது கேலி செய்தால், பொறுப்பிலிருக்கும் தோழர் என்ன செய்கிறார்?

அரசிடம் கேட்க வேண்டியவையும் திட்டவட்டமானவை. ஒன்றிய அரசின் புதிய கல்விக் கொள்கை கலையோடு இணைந்த கல்வி என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறது. அரசுப் பள்ளியில் நிரந்தர இசை ஆசிரியர் இல்லாமல் அது காகிதத்தோடு நின்றுவிடும். காசு கொடுத்து வகுப்புக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே வாத்தியம் வாய்க்கும், எந்த வாத்தியம் என்பதை அந்த வீட்டின் ஆணாதிக்கமே முடிவு செய்யும். தமிழகத்தின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் பெண்களுக்கும் திறந்திருக்கின்றன. அங்கே பயின்று வெளியே வரும் பெண்ணுக்குக் கோயில் பணி கிடைக்க வேண்டும். மாதவிடாயையும் கைம்மையையும் சொல்லி மங்கல வாத்தியத்திலிருந்து அவளை விலக்கும் வழக்கத்தை அறநிலையத்துறை ஏற்கக் கூடாது. மதுரை பொன்னுத்தாயும் காலிஷாபி மஹபூபும் நாகஸ்வரத்தில் நடந்து காட்டிய பாதை, நியமன ஆணையாக மாற வேண்டியிருக்கிறது.

கட்சிக் கிளைகளைப் பொறுத்தவரை, இதற்குத் தீர்மானம் எழுதி மேல்குழுவுக்கு அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த ஊர்வலத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே பெண் தோழர்களின் கையில் பறையைக் கொடுத்துப் பயிற்சியைத் தொடங்கலாம். கற்றுத் தரும் பறைக் கலைஞருக்கு உரிய கூலியைக் கிளை நிதியிலிருந்து கொடுத்துவிட வேண்டும்.