தேங்காய்க் கணக்கும் தள்ளுபடிக் கணக்கும்

மாணவர் சலுகை, கூப்பன், வங்கிக் கார்டு கழிவு, கேஷ்பேக் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடிமாட்டு விலைக்கு வாங்கலாம் என்று ஆசை காட்டுகிறது கம்ப்யூட்டர் திரை. கார் நிக்கோபாரிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

கார் நிக்கோபார் தீவில் ஒரு காலத்தில் நாணயத்துக்கு அதிக வேலை இருக்கவில்லை. துணியோ அரிவாளோ புகையிலையோ, எதுவானாலும் விலை தேங்காயில்தான். அதை ஜோடி ஜோடியாகவும் இருபது இருபதாகவும் எண்ணினார்கள். 1894 முதல் 1903 வரை அந்தமான் நிக்கோபாரின் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள், பணம் என்பது எப்படிப் பிறந்தது என்று ஆராய்ந்து எழுதியபோது இந்தத் தேங்காய் நாணயத்தைச் சாட்சிக்கு அழைத்தார். கடனும் உண்டு. பொருளை இன்று எடுத்துக்கொண்டு, தேங்காயை மாதக்கணக்கில் பறித்துக் கொடுத்துத் தீர்க்கலாம். ‘இப்போது வாங்குங்கள், பிறகு கொடுங்கள்’ என்று இன்று வரும் விளம்பரங்களுக்கு அது பாட்டன் முறை.

அந்த வியாபாரம் நியாயமானது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கப்பலில் வந்த வியாபாரிக்கு வெளியுலக விலை தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியாது. ஆனாலும் அதில் ஒரு வசதி இருந்தது. எத்தனை தேங்காய் போகிறது என்பது கண்முன்னே குவியலாகக் கிடந்தது. எண்ணிப் பார்க்கலாம். இன்றைய இன்டர்நெட் வியாபாரத்தில் காணாமல் போயிருப்பது அந்தக் குவியல்தான்.

தீவு மாறிய கதை நீளமானது. பழங்குடிப் பகுதியில் வெளியார் நுழையவும் வியாபாரம் செய்யவும் அனுமதி வேண்டும் என்று 1956-ல் சட்டம் வந்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. கரையோரத் தென்னந்தோப்புகள் பெருமளவில் அழிந்தன. புதிய கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும் என்பதால், இடைப்பட்ட காலத்தில் நிவாரணப் பணமும் கடைச் சரக்கும் தேங்காயின் இடத்தைப் பிடித்தன. 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடியிழைக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. கார் நிக்கோபாரும் அந்த இணைப்பில் சேர்ந்தது. தீவுக்குள் கால் வைக்க வெளியூர் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். கைபேசித் திரைக்குள் விளம்பரம் நுழைய எந்தச் சீட்டும் வேண்டாம்.

கற்பனைக்கு ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். வீடு கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்தில். படிப்பு சுமார் 270 கி.மீ. வடக்கே, 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஸ்ரீ விஜயபுரத்தில், ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியில். அவருக்கு ஒரு லேப்டாப் வேண்டும். கார் நிக்கோபாரில் தோட்டமும் தேங்காயும் ‘துஹேத்’ எனப்படும் கூட்டுக் குடும்பத்தின் சொத்து. ஆகவே அந்த லேப்டாப்புக்கான பணம் ஒருவருடையது அல்ல. பல கைகள் சேர்த்தது. கணக்கில் ஆயிரம் ரூபாய் பிசகினால் பதில் சொல்ல வேண்டிய இடங்களும் பல.

திரையில் விலை ரூ 50,000. கூடவே நான்கு சலுகைகள். மாணவருக்கு 10 சதவீதம். கூப்பனுக்கு 5. குறிப்பிட்ட வங்கிக் கார்டுக்கு 10. கேஷ்பேக் 5. கூட்டினால் 30 சதவீதம். ரூ 15,000 மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சதவீதங்களைக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு சலுகையும் முந்தைய சலுகை போக மிஞ்சிய தொகைக்குத்தான் கிடைக்கும்.

மாணவர் சலுகை போக ரூ 45,000. அதில் கூப்பன் 5 சதவீதம் போக ரூ 42,750. வங்கிக் கார்டின் 10 சதவீதம் என்றால் ரூ 4,275 குறைய வேண்டும். ஆனால் விளம்பரத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ‘அதிகபட்சம் ரூ 1,500’ என்று இருந்தால் கதை முடிந்தது. கட்ட வேண்டியது ரூ 41,250. கேஷ்பேக்குக்கு ரூ 500 உச்சவரம்பு என்றால் அந்த ஐந்நூறு பிற்பாடு வரும். அதுவும் பல சமயம் பணமாக வராது. அதே கடையில் செலவழிக்க வேண்டிய புள்ளிகளாக, காலக்கெடுவோடு வரும். அதையும் சேர்த்து மொத்த லாபம் ரூ 9,250. அதாவது 18.5 சதவீதம். நினைத்தது முப்பது.

18.5 சதவீதம் லேசானதல்ல, சந்தேகமில்லை. அடுக்கத் தெரிந்தவர்களுக்கு அது கிடைக்கவும் செய்கிறது. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கேஷ்பேக் தரும் இடைத்தளம் வழியாகத்தான் கடைக்குள் நுழைய வேண்டும். நுழைந்த பிறகு கூப்பன் தேடி வேறொரு தளத்துக்குத் தாவினால், வாடிக்கையாளரைக் கூட்டிவந்த பெருமை அந்தத் தளத்துக்குப் போய்விடும். முதல் தளத்தின் கேஷ்பேக் கைநழுவும். இடைத்தளம் பட்டியலிடாத கூப்பனைப் பயன்படுத்தினாலும் சில இடங்களில் இதே கதிதான். கேஷ்பேக் உறுதியாவது, பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்த பிறகு. அதுவரை அது பணம் அல்ல, வாக்குறுதி. வாங்கும் நிமிடத்தில் அதை விலையிலிருந்து கழித்துப் பார்ப்பது, காய்க்காத மரத்தின் தேங்காயை எண்ணுவது போல.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, இந்தச் சலுகைகளை யாரால் அடுக்க முடியும் என்பது. மாணவர் சலுகைக்குக் கல்லூரியின் மின்னஞ்சல் முகவரியோ, அடையாள அட்டையின் படமோ கேட்கிறார்கள். எல்லாக் கல்லூரிகளும் மாணவர்களுக்கு மின்னஞ்சல் முகவரி தருவதில்லை. வங்கிக் கழிவு பெரும்பாலும் கிரெடிட் கார்டுக்கு. வருமானச் சான்று இல்லாத மாணவிக்கு யார் கிரெடிட் கார்டு தருவார்கள்? அப்பாவிடமோ மாமாவிடமோ அந்த வங்கியின் கார்டு இருந்தால் உண்டு. தேங்காய் விற்றுப் படிக்கவைக்கும் குடும்பத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. மாணவர்களுக்கு என்று அறிவிக்கப்படும் சலுகையின் பெரும் பங்கு, கார்டு வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது.

கார்டு கிடைத்தாலும் இன்னொரு வலை இருக்கிறது. அதன் பெயர் வட்டியில்லாத் தவணை. ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இன்று நடப்பது இதுதான்: வங்கி வழக்கம்போல் வட்டி போடுகிறது, அந்த வட்டி அளவுக்குப் பொருளின் விலையில் குறைத்துக் காட்டப்படுகிறது. ஆனால் வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி வாங்குகிறவர் தலையில். ரூ 41,250-ஐ ஆறு மாதத் தவணையில், ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் கட்டுவதாக வைத்துக்கொண்டால் வட்டி சுமார் ரூ 1,750. அதன்மீது வரி ரூ 300-க்குச் சற்று அதிகம். வங்கியின் சேவைக் கட்டணம் இருந்தால் அது தனி. கேஷ்பேக்காக வந்த ஐந்நூறு இந்த வழியில் கரைந்துவிடும்.

கடைசித் தடை பின்கோடு. கார் நிக்கோபாரின் 744301-ஐத் தட்டினால், பல பொருள்களுக்கு ‘இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது’ என்று பதில் வருவது தீவுவாசிகளுக்குப் பழகிப்போன விஷயம். கேபிள் வழியாக விளம்பரம் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. சரக்கு வர கப்பலோ விமானமோ வேண்டும். அதிலும் பேதம் உண்டு. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து சர்வதேசத் தடை இருக்கிறது. பவர் பேங்க்கும் இந்த வகைதான். ஆகவே அது கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கடல் கொந்தளித்தால் கப்பலும் காத்திருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கும் உறவினர் முகவரிக்கு வரவழைத்து, ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாம். நம் மாணவிக்கு விடுதியே போதும். ஆனால் தங்கைக்கு ஒரு கைபேசியோ, வீட்டுக்கு ஒரு மிக்சியோ வாங்கி அனுப்பும்போதுதான் சிக்கல். பொருளைத் திருப்பித் தரும் கெடு ஏழு நாள், பத்து நாள் என்று இருக்கும். அது முதல் முகவரியில் ஒப்படைத்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். அடுத்த கப்பல் வந்து, முஸ் ஜெட்டியில் இறங்கி, பெட்டியைப் பிரித்து, ஜார் உடைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும்போது கெடு கடந்திருக்கும். 18.5 சதவீதக் கழிவில் வாங்கிய உடைந்த மிக்சி என்ன விலை?

சட்டம் பாதி தூரம் வந்திருக்கிறது. 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விநியோகக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த மொத்த விலையைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்கின்றன. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்தன. கட்டணத்தைக் கடைசித் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, ‘இன்னும் இரண்டுதான் இருக்கிறது’ என்று பொய் அவசரம் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் தலைப்பில் 30 சதவீதம் என்று எண்ண வைத்துவிட்டு அடிக்குறிப்பில் உச்சவரம்பு வைப்பதை மொத்த விலை காட்டும் விதி மட்டும் தடுத்துவிடாது. மொத்த விலை சரியாகத்தான் இருக்கும். வாங்குகிறவர் மனதில் ஓடிய கணக்குதான் தப்பாக இருக்கும்.

ஆகவே எண்ணிப் பார்க்கும் வேலை வாங்குகிறவருடையது. சலுகை எத்தனை சதவீதம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு தாளில் நான்கே வரி எழுதினால் போதும். இன்று கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு? வாசல்வரை கொண்டுவர எவ்வளவு? தவணை என்றால் வரியும் கட்டணமும் எவ்வளவு? இதே பொருளை ஸ்ரீ விஜயபுரத்திலோ சென்னையிலோ கடையில் பிரித்துப் பார்த்து, போட்டுப் பார்த்து வாங்கினால் எவ்வளவு? முதல் மூன்றைக் கூட்டி நான்காவதோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் கடைக்காரரே மேல்; பழுதானால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கும். கேஷ்பேக் இந்தத் தாளில் சேராது. வந்த பிறகு சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. சலுகைக்கு ஆசைப்பட்டு அடுத்தவரின் மாணவர் அட்டையை இரவல் வாங்குவதும், தன் அட்டையின் படத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதும் வேண்டாத வம்பு. முதலாவதில் ஆர்டர் ரத்தாகலாம். இரண்டாவதில் அந்தப் படம் எங்கெங்கே போகும் என்று ஏற்றியவருக்கே தெரியாது. பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.

சலுகை என்றாலே சூழ்ச்சி என்று சொல்லிவிடவும் முடியாது. தீவுகளுக்கிடையே ஓடும் அரசுக் கப்பல்களில் தீவுவாசிகளுக்குக் கட்டணம் குறைவு. தீவுவாசி அடையாள அட்டையைக் காட்டினால் கவுன்டரிலேயே குறைந்த விலைக்கு டிக்கெட். எந்த வங்கியில் கணக்கு என்று யாரும் கேட்பதில்லை. உச்சவரம்பு இல்லை, அடுத்த மாதம் வரும் புள்ளிகள் இல்லை, கெடு முடிகிறது என்று ஓடும் கடிகாரமும் இல்லை. நம் மாணவி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போகப்போவதும் அந்தக் கப்பலில்தான். முஸ் ஜெட்டியில் இறங்கியதும் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பதாக இருக்காது. எவ்வளவு ஆயிற்று என்பதாகத்தான் இருக்கும்.