ஒரு கோப்பு, இரண்டு புரோசஸ், காணாமல் போன கணக்கு

கெலிஓயாப் பெற்றோர்களே, உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகளே, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

"பக்க அட்டவணை என்றால் என்ன?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் வரைவிலக்கணத்தை மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். பைத்தன் கேள்விக்கும் விடை எழுதுவார்கள். இந்த இரண்டு அலகுகளும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்டால் வகுப்பே மௌனம்.

அதனால் கடந்த வாரம் ஒரு பழைய கணினியில் இரண்டு பைத்தன் நிரல்களை ஒன்றாக ஓட விட்டேன். ஒவ்வொரு புரோசஸுக்கும் தனி முகவரி வெளி. ஒன்றின் நினைவகத்தை மற்றது எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் இரண்டும் ஒரே கோப்பை 'எம்மேப்' மூலம் நினைவகத்தில் பொருத்தினால், இரண்டு பக்க அட்டவணைகளும் ரேமில் உள்ள அதே பக்கத்தையே காட்டும். ஒன்று எழுதுவதை மற்றது வாசிக்கலாம். நடுவில் பிரதி எடுக்கும் வேலையே இல்லை.

பிறகு அந்தக் கோப்பில் 0 என்று எழுதி, இரண்டு நிரல்களையும் தலா 100,000 தடவை ஒன்று கூட்ட வைத்தேன். 200,000 வர வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு தடவையும் குறைவாக, வேறு வேறு விடை.

"சேர், கம்பியூட்டர் பழுதா?" என்றார் ஒரு மாணவி.

பழுதில்லை. ஒரே கணக்குக் கொப்பியில் இருவர் ஒரே நேரத்தில் 50 ஐப் பார்த்து, இருவருமே 51 என்று எழுதினால் ஒரு கூட்டல் காணாமல் போகும் அல்லவா? அதுதான் நடந்தது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி பூட்டுப் போட்டோம். 200,000 சரியாக வந்தது. அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கடந்தகால வினாத்தாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை பரீட்சைதான். ஆனால் பக்கத்திலுள்ள பேராதனைக்கே நம் பிள்ளை தெரிவானாலும், அங்கே இதே பாடம் ஆங்கிலத்தில்தான் வரும். மனனம் செய்த தமிழ் வரி அங்கே கைகொடுக்காது. விளங்கிய விடயம் எந்த மொழியிலும் கூடவே வரும்.

பைத்தன் இலவசம். எம்மேப் அதனுடனேயே வருகிறது. ஒரு தடவை நிறுவினால் இன்டர்நெட்டும் தேவையில்லை. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய லெப்டொப் போதும்.

பிள்ளை கண்டியில் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால், "எத்தனை பக்கம் நோட்ஸ் எழுதினாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று எதை ஓட விட்டுப் பார்த்தாய்?" என்று கேளுங்கள்.